லங்காஸ்டர் பாம்பரும் அதுல பறந்த ஏழு பேரும்: என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க வீட்டு ஹால்ல டிவி பக்கத்துல ஒரு லங்காஸ்டர் மாடல் நிக்குது, ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டன் ஓட்டுன குண்டு போடுற விமானம். 72ல ஒரு பங்கு சைஸ், இறக்கை நுனிக்கு நுனி அளந்தா 43 சென்டிமீட்டர், நானே ஒட்டி பெயின்ட் அடிச்சது. வீட்டுக்கு வர்றவங்க காபி ஆறுறதுக்குள்ள ஏதாவது ஒரு கேள்வி கேட்டுருவாங்க, நானும் ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், அக்கா பையன் ஒருநாள் "மாமா, பேசாம எல்லாத்தையும் எழுதி வச்சுடு, வர்றவங்க கையில குடுத்துரலாம்"னு கிண்டல் பண்ணான். சரின்னு எழுதிட்டேன்.

இது ஸ்பிட்ஃபயர் தானே?

இல்லைங்க. பத்துல எட்டு பேர் இதைத்தான் கேக்குறாங்க. ஸ்பிட்ஃபயர் ஒத்த ஆள் ஓட்டுற சின்ன சண்டை விமானம். இது நாலு இன்ஜின், ஏழு ஆளு, ராத்திரில போய் குண்டு போட்டுட்டு வர்ற பெரிய பாம்பர். ரெண்டுக்கும் ஒரே சொந்தம் என்னன்னா ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின், அங்க ஒண்ணு இங்க நாலு. நிஜ சைஸ்ல இறக்கை 31 மீட்டர், நீளம் 21 மீட்டர். மொத்தம் 7,377 லங்காஸ்டர் செஞ்சாங்க, அதுல கிட்டத்தட்ட பாதி போர்லயே போயிடுச்சு.

யார் செஞ்சது? எடுத்த எடுப்புலயே இவ்வளவு நல்லா வந்துச்சா?

ஆவ்ரோ கம்பெனி, தலைமை டிசைனர் ராய் சாட்விக். எடுத்த எடுப்புல எல்லாம் வரல. இதுக்கு முன்னாடி மான்செஸ்டர்னு ரெண்டு இன்ஜின் பாம்பர் ஒண்ணு செஞ்சாங்க, உடம்பு நல்ல உடம்பு, ஆனா வல்ச்சர்னு அதுல போட்ட புது இன்ஜின் நடுவானத்துல சூடாகி நின்னுபோற ரகம், ரெண்டுல ஒண்ணு நின்னா மிச்ச ஒண்ணால இழுக்க முடியாது. சாட்விக் என்ன பண்ணார்னா அதே உடம்பை வச்சுக்கிட்டு இறக்கையை நீட்டி, நம்பிக்கையான மெர்லின் நாலை மாட்டினார். 1941 ஜனவரி 9 அன்னைக்கு முதல்ல பறந்துச்சு. 1942 மார்ச்ல போருக்கே போயிடுச்சு. ஓடாத வண்டியில இருந்து பிறந்த ஓடுற வண்டின்னு சொல்லலாம்.

இதோட பெரிய பலம் வயித்துல இருக்குற குண்டு அறைதான். 33 அடி நீளம், நடுவுல தடுப்பே கிடையாது, கல்யாண மண்டபத்து பந்தி ஹால் மாதிரி ஒரே நீட்டம். அதனாலதான் பின்னாடி 12,000 பவுண்டு டால்பாய், 22,000 பவுண்டு கிராண்ட் ஸ்லாம் மாதிரி பூதங்களையும் இதால தூக்க முடிஞ்சுது. டிர்பிட்ஸ்ங்கற பெரிய ஜெர்மன் போர்க்கப்பலை 1944 நவம்பர் 12ல நார்வே பக்கம் கவுத்ததும் லங்காஸ்டர் போட்ட டால்பாய்தான்.

ஏழு பேர் உள்ள எங்கெங்க இருப்பாங்க?

மூக்குல இருந்து வாலுக்கு வரேன். மூக்குக்குள்ள பாம் எய்மர், கண்ணாடி குமிழுக்குள்ள குப்புறப் படுத்துக்கிட்டு கீழ பாத்து குண்டை விடுறவர், அவர் தலைக்கு மேல ரெண்டு மெஷின் கன்னும் இருக்கும். அதுக்கு மேல இடது பக்கம் பைலட். வலது பக்கம் மடக்கு சீட்டுல ஃப்ளைட் இன்ஜினியர், பெட்ரோல் எந்த டேங்க்ல எவ்வளவு, இன்ஜின் சூடு என்னன்னு ராத்திரி பூரா மீட்டர் பாத்துக்கிட்டே இருக்கணும். அவங்களுக்கு பின்னாடி திரைச்சீலை போட்ட ஒரு மூலை, அதுக்குள்ள சின்ன லைட், மேப், பென்சிலோட நேவிகேட்டர். திரையை விட்டு வெளிய எட்டிப் பாக்காமலே, ஒருத்தருக்கு விதிச்ச முப்பது தடவையும் போயிட்டு வந்த நேவிகேட்டர்கள் உண்டு, பாத்தா கை நடுங்கி கணக்கு தப்பிடும்னு.

அடுத்து வயர்லெஸ் ஆபரேட்டர். இவருக்கு ஒரு அதிர்ஷ்டம், ஹீட்டர் காத்து வர்ற ஓட்டை இவர் பக்கத்துலதான். மத்தவன் எல்லாம் விறைச்சுக்கிட்டு கிடக்க இவர் மட்டும் வேர்த்து வழிஞ்சு சட்டையோட உக்காந்திருப்பார். ஹீட்டரை குறைங்கன்னு ஒருத்தன், கூட்டுங்கன்னு இன்னொருத்தன், நம்ம வீட்டு ஏசி சண்டை மாதிரியேதான்.

அங்க இருந்து பின்னாடி போகணும்னா இறக்கையை தாங்குற மெயின் ஸ்பார்னு ஒரு பெரிய குறுக்குச் சட்டத்தை ஏறிக் குதிச்சு போகணும். அதுக்கு அப்புறம் முதுகு மேல இருக்குற கண்ணாடி கூண்டுல மிட் அப்பர் கன்னர். கடைசில, வால் நுனில தனியா, ரியர் கன்னர்.

இந்த ரியர் கன்னர் பத்தி தனியாவே சொல்லணும். எட்டு மணி நேரம் ஒரு பீரோக்குள்ள அடைச்ச மாதிரி உக்காரணும், பாக்குறது எல்லாம் பின்னாடி போற இருட்டு மட்டும்தான், மத்த ஆறு பேர் குரல் காதுல ஹெட்செட்ல வரும், மூஞ்சி தெரியாது. குளிர் மைனஸ் 40 வரைக்கும் போகும், கரண்ட்ல சூடாகுற உடுப்பு குடுத்தாங்க, அது பாதி நேரம் ஒரு கால்ல மட்டும் சுடும் இன்னொரு கால்ல வேலை செய்யாது. இதுல பல பேர் முன்னாடி இருக்குற கண்ணாடியையே வெட்டி எடுத்துட்டாங்க. ஏன்னா கண்ணாடில ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் ராத்திரில அது எதிரி விமானம் மாதிரி தெரியும், இல்ல எதிரி விமானம் அழுக்கு மாதிரி தெரியும், ரெண்டாவது நடந்தா கதை முடிஞ்சுது. அதுக்கு குளிரே பரவால்லன்னு முடிவு பண்ணவங்க.

கோ-பைலட் இல்லையா?

இல்லை. ஆரம்பத்துல ரெண்டு பைலட் வச்சு பாத்தாங்க, பயிற்சி குடுத்து மாளல, நிறுத்திட்டாங்க. பைலட்டுக்கு அடிபட்டா இன்ஜினியரோ பாம் எய்மரோ ஏதோ கத்துக்கிட்டதை வச்சு ஓட்டிப் பாக்க வேண்டியதுதான்.

இந்த ஏழு பேரையும் மேலிடம் பாத்து சேத்து விடுமா?

அதான் இல்லை, எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயமே இதுதான். எல்லாத்துக்கும் ஃபாரம், கையெழுத்து, சீல்னு இருந்த ஒரு ராணுவம், உயிரே போற இந்த ஒரு விஷயத்துல மட்டும் எல்லாரையும் ஒரு பெரிய ஷெட்டுக்குள்ள விட்டு "நீங்களே பேசி சேந்துக்கோங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடும். பைலட் ஒரு மூலை, நேவிகேட்டர் ஒரு மூலை, கன்னருங்க ஒரு மூலை. ஒருத்தன் போய் "உனக்கு நேவிகேட்டர் இருக்கானா?"ன்னு கேப்பான், "இல்லையே"ம்பான், "அப்ப நான் வரேன்", முடிஞ்சுது. சுயம்வரம் மாதிரி, மாலை மட்டும் கிடையாது. மூஞ்சி பிடிச்சுது, ஒரே ஊரு, குடிக்க மாட்டான் போலன்னு இப்படி காரணம் எல்லாம். முதல்ல அஞ்சு பேர் சேருவாங்க, இன்ஜினியரும் இன்னொரு கன்னரும் பெரிய விமானத்துக்கு மாறும்போது வந்து ஒட்டிக்குவாங்க.

இங்கிலாந்து பையன், கனடா விவசாயி மகன், ஆஸ்திரேலியாவுல கிளார்க்கா இருந்தவன், நியூசிலாந்துக்காரன்னு ஒரே விமானத்துல எல்லாரும் கலந்து இருப்பாங்க. விமானத்துக்குள்ள பதவி எல்லாம் செல்லாது. பைலட் வெறும் சார்ஜென்ட்டா இருக்கலாம், நேவிகேட்டர் ஆபீசரா இருக்கலாம், ஆனா மேல ஏறிட்டா பைலட்தான் ஸ்கிப்பர், அவர் சொன்னதுதான். கீழ இறங்கினா ஆபீசர் ஒரு மெஸ், சார்ஜென்ட் வேற மெஸ். இந்த கூத்து எனக்கு இன்னைக்கும் புரியல, சேந்து சாவலாம் சேந்து சாப்பிடக் கூடாது.

வயசு? பெரும்பாலும் இருபது, இருபத்தி ரெண்டு. 25 தாண்டினா தாத்தான்னு கூப்பிடுவாங்க. எல்லாருமே தானா வந்து சேந்தவங்க, விமானத்துல ஏத்த யாரையும் கட்டாயப்படுத்தல.

ஒரு ராத்திரி எப்படி போகும்?

மத்தியானம் எல்லாரையும் பிரீஃபிங் ரூம்ல உக்கார வைப்பாங்க. முன்னாடி பெரிய மேப், மேல திரை. திரையை இழுத்தா சிவப்பு நாடா இங்கிலாந்துல இருந்து எங்க வரைக்கும் போகுதுன்னு தெரியும். பக்கத்துல பிரான்ஸ்ல முடிஞ்சா பெருமூச்சு, பெர்லின் வரைக்கும் நீண்டா ரூமே முனகும்.

அப்புறம் பாக்கெட்ல இருக்குற லெட்டர், பஸ் டிக்கெட் எல்லாத்தையும் காலி பண்ணணும், பிடிபட்டா எந்த ஊர்ல இருந்து வந்தான்னு தெரியக் கூடாது. பட்டுத் துணில அச்சடிச்ச மேப் குடுப்பாங்க, தப்பிச்சு நடக்க வேண்டி வந்தா உதவும், நனைஞ்சாலும் கிழியாது. தூக்கம் வராம இருக்க மாத்திரையும் உண்டு. விமானத்துக்கிட்ட போனா ஏறுறதுக்கு முன்னாடி எல்லாரும் போய் வால் சக்கரத்து மேல ஒண்ணுக்கு அடிக்கிறது பல குழுக்கள்ல ஒரு சடங்கு. நாம வண்டி சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க.

லிங்கன்ஷயர் மாவட்டம் பூரா ஏர்ஃபீல்டுதான், லிங்கன் ஊரு கதீட்ரல் கோபுரம்தான் பல பேருக்கு கிளம்பும்போதும் திரும்பும்போதும் அடையாளம். இருட்டினதும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா கிளம்பி, நூத்துக்கணக்குல லைட்டே இல்லாம ஒரே வழியில போகும். பக்கத்துல இன்னொரு விமானம் இருக்கான்னு தெரியாது, அதோட காத்துல நம்ம விமானம் குலுங்கினாதான் தெரியும். மோதி செத்தவங்களும் உண்டு.

ஊரு மேல போனதும் சர்ச்லைட், கீழ இருந்து பீரங்கி, மேல நைட் ஃபைட்டர். இந்த நேரத்துலதான் பாம் எய்மர் "லெஃப்ட், லெஃப்ட்... ஸ்டெடி"ன்னு சொல்லிக்கிட்டே போவார், விமானம் வளையாம நேரா போகணும். குண்டு விழுந்ததும் அத்தனை டன் எடை இறங்குனதால விமானம் சட்டுன்னு மேல எகிறும். ஓடிரலாமேன்னா முடியாது. குண்டு எங்க விழுந்துச்சுன்னு போட்டோ எடுக்கணும், அதுக்கு ஒரு ஃபிளாஷ் குண்டு கூடவே விழும், அது வெடிச்சு கேமரா கிளிக் ஆகுற வரைக்கும் இன்னும் அரை நிமிஷம் அப்படியே நேரா போகணும். போட்டோ இல்லன்னா போனதுக்கு சாட்சி கிடையாது. அந்த அரை நிமிஷம்தான் ராத்திரியிலயே நீளமான நேரம்னு எல்லாரும் சொல்லுவாங்க. நீங்க வாட்சை பாத்து முப்பது செகண்ட் சும்மா உக்காந்து பாருங்க.

திரும்பி வந்தா ரம் ஊத்துன காபி, என்ன பாத்தீங்கன்னு ஒரு ஆபீசர் விசாரணை, அப்புறம் பேக்கனும் முட்டையும். ரேஷன் காலத்துல நிஜ முட்டைங்கறது ஊர்ல யாருக்கும் கிடைக்காத பொருள். "நீ வரலன்னா உன் முட்டை எனக்கா?"ன்னு கிளம்பும்போது கேக்குறதுதான் அவங்க ஜோக்.

வராதவங்க சாமானை எடுத்துக்கிட்டு போக தனி ஆளுங்க உண்டு. காலையில பீரோவை காலி பண்ணி, வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி லெட்டர் எல்லாம் பாப்பாங்க, மனைவியோ அம்மாவோ பாக்கக் கூடாத வேற பொண்ணு லெட்டர் இருந்தா எடுத்துடுவாங்க. சாயங்காலம் அதே கட்டில்ல புதுப் பையன் உக்காந்திருப்பான்.

கும்மிருட்டுல வழி எப்படி தெரிஞ்சுது?

ஆரம்பத்துல தெரியலைங்கறதுதான் உண்மை. 1941 ஆகஸ்ட்ல பட் ரிப்போர்ட்னு ஒண்ணு வந்துச்சு, விமானம் எடுத்த போட்டோ எல்லாத்தையும் உக்காந்து பாத்ததுல, இலக்கை அடிச்சிட்டோம்னு சொன்ன விமானங்கள்லயே மூணுல ஒண்ணுதான் இலக்குக்கு 5 மைல் சுத்துக்குள்ள போயிருக்கு. மிச்சம் எல்லாம் வயல்ல போட்டுட்டு வந்திருக்கு. அப்புறம்தான் ரேடியோ அலையை வச்சு இடம் கண்டுபிடிக்கிற ஜீ, ஓபோ, தரையை படமா காட்டுற எச்2எஸ் ரேடார்னு ஒண்ணொண்ணா வந்துச்சு, 1942 ஆகஸ்ட்ல பாத்ஃபைண்டர்னு ஒரு தனிப்படையும் போட்டாங்க, அவங்க முன்னாடி போய் கலர் வெளிச்சம் போட்டு இடத்தை காட்டுவாங்க, பின்னாடி வர்றவங்க அதுமேல போடுவாங்க.

கேரட் சாப்பிட்டா ராத்திரி கண்ணு தெரியும்ங்கற கதையும் இந்த காலத்துல பரவுனதுதான். ஜான் கன்னிங்ஹாம்னு ஒரு நைட் ஃபைட்டர் பைலட் வரிசையா ஜெர்மன் விமானத்தை வீழ்த்தினார், விமானத்துக்குள்ள ரேடார் வச்சிருக்கோம்னு சொல்ல முடியாம, அவர் கேரட் நிறைய சாப்பிடுறார்னு கதை விட்டாங்க. எங்க அக்கா இன்னமும் அதை சொல்லித்தான் பையனுக்கு கேரட் பொரியல் வைக்கிறா.

30 தடவை போனா போதுமாமே?

ஆமா, 30 ட்ரிப் ஒரு டூர். முடிச்சா ஆறு மாசம் போல ஓய்வு, அதுல பயிற்சி குடுக்குற வேலை. அப்புறம் ரெண்டாவது டூர் 20.

கேக்க கம்மியா தெரியும். கணக்கு போட்டு பாருங்க. ஒவ்வொரு ராத்திரியும் 100 விமானம் போனா 4 வரலன்னு வைங்க, சின்ன நம்பர்தான். ஆனா 96 சதவீதத்தை முப்பது தடவை பெருக்கினா 29 சதவீதம் வருது, அதாவது நூறு குழு ஆரம்பிச்சா டூர் முடிக்கிறது 29 குழு. 5 வரலன்னா 21. 1943 குளிர்காலத்துல பெர்லினை அடிச்சப்ப 5ஐ தாண்டின ராத்திரிகள் நிறைய. எல்லாத்துக்கும் மோசம் 1944 மார்ச் 30 ராத்திரி, நியூரம்பெர்க், போனது 795 விமானம், வராதது 95. நிலா வெளிச்சத்துல போய் மாட்டுனாங்க.

போர் முடிஞ்சு எண்ணிப் பாத்தா பாம்பர் கமாண்ட்ல, அதாவது பிரிட்டன் விமானப்படையோட குண்டு போடுற பிரிவுல, பறந்த சுமார் 1,25,000 பேர்ல 55,573 பேர் செத்திருக்காங்க. பயிற்சியிலயே செத்தவங்க மட்டும் ஐயாயிரத்துக்கும் மேல, எதிரியை பாக்காமலே போனவங்க.

சுட்டுட்டா பாராசூட்ல குதிச்சுடலாமே?

இந்த கேள்விக்காகத்தான் நான் இதை எழுதவே உக்காந்தேன்.

லங்காஸ்டர் ஓட்ட அருமையான விமானம், எல்லா பைலட்டும் சொல்லுவாங்க. வெளிய வர மோசமான விமானம். முன்னாடி இருக்குறவங்க தப்பிக்க மூக்குக்கு அடியில ஒரே ஒரு கதவு, பாம் எய்மர் படுத்திருக்குற மெத்தைக்கு கீழ, 22 இன்ச் அகலம். அக்கா பையனை வச்சு ஒருநாள் பாத்தேன். ரெண்டு நாற்காலியை 22 இன்ச் இடைவெளி விட்டு போட்டு, பாராசூட் நெஞ்சுலதான் மாட்டுவாங்கங்கறதால ஸ்கூல் பேகை முன்பக்கமா மாட்டிவிட்டு, புகுந்து வாடான்னேன். ஒல்லிப் பையன், பேக்ல ரெண்டு நோட்டுதான், மாட்டிக்கிட்டான், ரெண்டாவது தடவை சாஞ்சு வந்தான். வீடு ஆடாம நிக்குது, லைட் எரியுது. அதையே கனமான உடுப்பு, பூட்ஸோட, தீ பிடிச்சு சுத்திக்கிட்டே விழுற விமானத்துல யோசிங்க. பைலட் கடைசி ஆளு, மத்தவங்க போற வரைக்கும் ஸ்டியரிங்கை பிடிச்சுக்கிட்டு இருக்கணும்.

பின்பக்கம் சைடு கதவு இருக்கு, ஆனா அதுல குதிச்சா வால் இறக்கையில அடிபடும்னு வேற வழி இல்லன்னா மட்டும்னு சொல்லியிருந்தாங்க. ரியர் கன்னரோட பாராசூட் அவர் கூண்டுக்குள்ள வைக்க இடமே கிடையாது, பின்னாடி கதவைத் திறந்து எடுத்து மாட்டிக்கிட்டு, கூண்டை பக்கவாட்டுல திருப்பி மல்லாக்க விழணும்.

இதை அப்பவே ஒருத்தர் கணக்கு போட்டு பாத்தார். ஃப்ரீமன் டைசன், பின்னாடி பெரிய இயற்பியல் விஞ்ஞானி ஆனவர், அப்ப 19, 20 வயசுல பாம்பர் கமாண்ட்ல புள்ளிவிவரம் பாக்குற வேலை. சுட்டு வீழ்த்துன விமானத்துல இருந்து உயிரோட வந்தவங்க, பகல்ல போன அமெரிக்க பாம்பர்ல பாதி பேர், ஹாலிஃபாக்ஸ்ங்கற இன்னொரு பழைய பிரிட்டிஷ் பாம்பர்ல கால்வாசி, லங்காஸ்டர்ல 15 சதவீதம்தான். ஹாலிஃபாக்ஸ் கதவு ரெண்டு இன்ச் அகலம் கூட. கதவை பெருசாக்குங்கன்னு அவர் ஆபீஸ்ல ஒருத்தர் ரெண்டு வருஷம் போராடினார், ஃபைல் நகரல, போர் முடியுற நேரத்துக்கு கிட்டதான் ஏதோ நடந்துச்சு. 22,000 பவுண்டு குண்டுக்காக அடிவயித்து கதவையே கழட்டி விமானத்தை மாத்தி அமைக்க முடிஞ்சவங்களுக்கு ரெண்டு இன்ச் அறுக்க முடியல. எனக்கு இதுல வர்ற கோபம் இன்னும் ஆறல.

பாராசூட்டே இல்லாம குதிச்சு ஒருத்தர் பிழைச்சாராமே, வாட்ஸ்அப் கதையா?

நிஜம்தான். நிக்கலஸ் ஆல்கமேட், ரியர் கன்னர், 21 வயசு. 1944 மார்ச் 24 ராத்திரி பெர்லின்ல இருந்து திரும்பும்போது அடிபட்டு விமானம் எரியுது. பாராசூட் எடுக்க கதவைத் திறந்தா அது எரிஞ்சுக்கிட்டு இருக்கு. எரிஞ்சு சாவுறதுக்கு விழுந்து செத்துரலாம்னு 18,000 அடியில இருந்து அப்படியே விழுந்துட்டார். பைன் மரக்கிளைகள்ல விழுந்து, வேகம் குறைஞ்சு, கீழ கிடந்த பனியில வந்து சேந்தார். கால் சுளுக்கு, சில காயம், அவ்வளவுதான். பிடிச்ச ஜெர்மன்காரங்க நம்பவே இல்ல, உளவாளின்னு நினைச்சாங்க, விமானம் விழுந்த இடத்துல அவர் பாராசூட்டோட எரிஞ்ச மிச்சத்தை பாத்தப்புறம்தான் நம்பினாங்க.

இன்னொரு கதை இதைவிட என்னை உலுக்கும். 1944 ஜூன்ல ஒரு கனடா லங்காஸ்டர் எரியுது, ரியர் கன்னர் பேட் பிராஃபி கூண்டு சிக்கி வெளிய வர முடியல. மிட் அப்பர் கன்னர் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி குதிக்கப் போனவர் திரும்பி தீக்குள்ள தவழ்ந்து போய் கையாலயே கூண்டை இழுத்துப் பாக்குறார். முடியல. பிராஃபி போன்னு கை காட்டுறார். மைனார்ஸ்கி எரியுற உடுப்போட நின்னு ஒரு சல்யூட் வச்சுட்டு குதிச்சார், தீக்காயத்துல செத்துட்டார். விமானம் தரையில மோதி கூண்டு உடைஞ்சு பிராஃபி தூக்கி எறியப்பட்டு பிழைச்சிட்டார். அவர் உயிரோட வந்து சொன்னதாலதான் மைனார்ஸ்கிக்கு விக்டோரியா கிராஸ்ங்கற உச்ச வீர விருது கிடைச்சுது.

பயமா இருக்கு, போக மாட்டேன்னு சொன்னா?

எல்எம்எஃப்னு முத்திரை குத்துவாங்க, மனவுறுதி இல்லாதவன்னு அர்த்தம். இருபது தடவை போய் வந்தவனா இருந்தாலும் சரி, பட்டையை பிடுங்கி, பதவியை இறக்கி, கக்கூஸ் கழுவுற மாதிரி வேலைக்கு அனுப்புவாங்க. சில கமாண்டர்கள் நல்லவங்க, சத்தமில்லாம டாக்டர்கிட்ட அனுப்பி ஓய்வு குடுத்துடுவாங்க. ஆனா அந்த மூணு எழுத்து மேல இருந்த பயம் ஜெர்மன் பீரங்கியைவிட பெருசுன்னு சொன்னவங்க உண்டு.

அணையை உடைச்சாங்களே, அதுவும் இதானா?

இதேதான். 1943 மே 16 ராத்திரி, 617 ஸ்குவாட்ரன்ங்கற விமானப் பிரிவு, 19 லங்காஸ்டர், தலைவர் கை கிப்சன், வயசு 24. பார்ன்ஸ் வாலிஸ்ங்கற இன்ஜினியர் யோசிச்ச குண்டு, டிரம் மாதிரி இருக்கும், பின்பக்கமா நிமிஷத்துக்கு 500 சுத்து சுத்த விட்டு, 60 அடி உயரத்துல போட்டா தண்ணி மேல தத்தித் தத்திப் போய் அணைச் சுவர்ல இடிச்சு, மூழ்கி, அடியில வெடிக்கும். குளத்துல ஓட்டாஞ்சில்லு விட்டிருப்பீங்கல்ல, அதேதான். 60 அடின்னு ராத்திரில எப்படி தெரியும்? விமானத்துக்கு அடியில ரெண்டு லைட்டை சாய்வா மாட்டினாங்க, ரெண்டு வெளிச்சமும் தண்ணில ஒண்ணா சேந்தா சரியான உயரம். சிம்பிள்.

ஜெர்மனியில மோனே, ஏடர் ரெண்டு அணையும் உடைஞ்சுது. போன 133 பேர்ல 53 பேர் செத்தாங்க. கீழ வெள்ளத்துல போனவங்க ஆயிரத்துக்கும் மேல, அதுல நிறைய பேர் ஜெர்மன்காரங்களே இல்ல, கட்டாய வேலைக்கு பிடிச்சுட்டு வந்து முகாம்ல அடைச்சிருந்த சோவியத் பெண்கள். இதை விட்டுட்டு கதை சொல்றவங்க பாதி கதைதான் சொல்றாங்க.

அப்ப இவங்க ஊர் மேல குண்டு போட்டு ஜனங்களைத்தானே கொன்னாங்க, இவங்களை ஹீரோன்னு சொல்லலாமா?

எதிர் வீட்டு மாமா கேட்டார், நியாயமான கேள்வி. ஆமா, ஊர் மேலதான் போட்டாங்க. பட் ரிப்போர்ட் பாத்தோம்ல, ஃபேக்டரியை குறி வச்சு அடிக்க முடியலன்னதும் ஊரையே இலக்கா எடுத்துக்கிட்டாங்க, 1942 பிப்ரவரில தலைமைக்கு வந்த ஆர்தர் ஹாரிஸ் அதை முழு மூச்சா பண்ணார். 1943 ஜூலைல ஹாம்பர்க், ஒரு ராத்திரி தீ எல்லாம் ஒண்ணா சேந்து புயலா மாறி ஆளுங்களை உள்ள இழுத்துச்சு, அந்த வாரத்துல 35,000 பேருக்கு மேல செத்தாங்க. 1945 பிப்ரவரில டிரெஸ்டன், சுமார் 25,000 பேர். அதுக்கு முன்னாடி ஜெர்மனி லண்டன்ல, கோவென்ட்ரில, ராட்டர்டாம்ல போட்டதும் உண்டு, ஆனா அதை காட்டி இதை கழிக்க முடியாது.

என் கருத்து கேட்டா, முடிவு எடுத்தவங்க வேற, மூக்குல படுத்திருந்த 21 வயசு பையன் வேற. போர் நடக்கும்போது இவங்களை கொண்டாடின அரசியல்வாதிங்களே டிரெஸ்டனுக்கு அப்புறம் கையை கழுவிட்டாங்க, சர்ச்சில் உட்பட. லண்டன்ல இவங்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் வந்ததே 2012ல. மாமா ஒத்துக்கல. அடுத்த தடவை வந்தாலும் ஒத்துக்க மாட்டார்.

பொண்ணுங்க பறந்தாங்களா?

சண்டைக்கு இல்லை. ஃபேக்டரில இருந்து ஏர்ஃபீல்டுக்கு விமானத்தை கொண்டுபோய் விடுற ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்சிலரில 168 பொண்ணுங்க இருந்தாங்க, ரேடியோ கூட இல்லாம ஓட்டினாங்க. லெட்டிஸ் கர்ட்டிஸ் நாலு இன்ஜின் பாம்பர் வரைக்கும் ஓட்டினவங்க. 1943ல இவங்களுக்கு ஆம்பளைங்களுக்கு சமமான சம்பளம் குடுத்தாங்க, அந்த காலத்துல பெரிய விஷயம்.

மெட்ராஸ் பேர்ல ஸ்குவாட்ரன் இருந்துச்சாமே?

இருந்துச்சு, ஒண்ணு இல்ல மூணு. 35, 79, 234 ஸ்குவாட்ரன் மூணுக்கும் மெட்ராஸ் பிரசிடென்சின்னு பட்டப்பேர், இங்க போர் நிதின்னு வசூலிச்சு அனுப்புன பணத்துக்காக. இதுல 35 பாத்ஃபைண்டர் ஸ்குவாட்ரன், 1944ல லங்காஸ்டருக்கு மாறுச்சு. 97க்கு ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்னு பேர், அதாவது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா. 102 சிலோன் ஸ்குவாட்ரன், அது ஹாலிஃபாக்ஸ். பேர்தான் நம்மளது, உள்ள பறந்தவங்க பெரும்பாலும் பிரிட்டன்காரங்களும், கனடா, ஆஸ்திரேலியா மாதிரி டொமினியன் நாட்டுக்காரங்களும். அந்த 97தான் 44 ஸ்குவாட்ரனோட சேந்து 1942 ஏப்ரல் 17ல பட்டப்பகல்ல, தரையை ஒட்டியே ஜெர்மனியில ஆக்ஸ்பர்க் வரைக்கும் போய் டீசல் இன்ஜின் ஃபேக்டரியை அடிச்சுது. 12 விமானம் கிளம்பிப் போச்சு, 7 திரும்பி வரல.

குண்டு போடுறதைத் தவிர வேற எதுக்காவது பயன்பட்டுச்சா?

1945 ஏப்ரல் கடைசில ஹாலந்துல ஜனங்க பட்டினில செத்துக்கிட்டு இருந்தாங்க, துலிப் கிழங்கை தின்ன காலம். சுட மாட்டோம்னு ஜெர்மன்காரங்க ஒத்துக்கிட்டதும், இதே லங்காஸ்டர் குண்டு அறைல மாவு, சீஸ், சாக்லேட் மூட்டையை ஏத்தி, பாராசூட் எல்லாம் இல்லாம ரொம்ப தாழ்வா பறந்து வயல்ல கொட்டுனாங்க. ஆபரேஷன் மன்னான்னு பேர். போன தடவை வரைக்கும் தன்னை சுட்ட பீரங்கிக்காரன் இப்ப குழாயை ஆகாசத்துக்கு திருப்பாம நின்னு பாத்துக்கிட்டு இருக்கான், கீழ ஜனங்க கூரை மேல ஏறி பெட்ஷீட்டை ஆட்டுறாங்க. அப்புறம் போர்க்கைதிகளை வீட்டுக்கு கூட்டிட்டு வந்த வேலையும் இதுக்குத்தான், ஒரு விமானத்துல 24, 25 பேர் தரையில உக்காந்துக்கிட்டு வந்தாங்க.

இப்ப எங்க பாக்கலாம்?

பறக்குற நிலையில உலகத்துலயே ரெண்டுதான். ஒண்ணு இங்கிலாந்து விமானப்படைகிட்ட கோனிங்ஸ்பில, இன்னொண்ணு கனடா ஹாமில்டன்ல, மைனார்ஸ்கி நினைவா பெயின்ட் அடிச்சது. 2014ல கனடா விமானம் அட்லாண்டிக் தாண்டி வந்து ரெண்டும் ஜோடியா பறந்துச்சு. லண்டன் ஹென்டன் மியூசியத்துல 137 தடவை போய் வந்த எஸ் ஃபார் ஷுகர் நிக்குது, எதிரி விமானம் எதுவும் ஜெர்மனி மேல பறக்காதுன்னு ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் விட்ட சவடாலை மூக்குப் பக்கம் எழுதி வச்சிருப்பாங்க. ஆஸ்திரேலியால இருக்கீங்கன்னா கான்பெராவுல ஜி ஃபார் ஜார்ஜ், 90 தடவை. லிங்கன்ல நினைவு மையத்துல இரும்பு ஸ்தூபி ஒண்ணு இருக்கு, 31 மீட்டர் உயரம், லங்காஸ்டர் இறக்கை நீளத்துக்கு சரியா. சுத்தி இருக்குற தகடுகள்ல செத்தவங்க பேர் மட்டும் கிட்டத்தட்ட 58,000, பதவி கிடையாது, அகர வரிசை.

எந்த மியூசியம் போனாலும் சுத்தி வந்துட்டு மூக்குக்கு அடியில குனிஞ்சு பாருங்க, அந்தக் கதவு தெரியும். கையை ரெண்டு பக்கமும் வச்சு அளந்துக்கோங்க, காவலுக்கு இருக்குறவர் தொடாதீங்கன்னு சொல்லுவார்.